பதில்: கெட்டிலில் இரண்டு வாட் எண், பிளக்கும் சுடுகிறது

வணக்கம் நண்பரே. உங்கள் மின்சாரக் கெட்டிலின் லேபிளில் 220-240 வோல்ட், 1850-2200 வாட் என்று போட்டிருக்கிறது, கணக்குப் போட எந்த வாட்டை எடுப்பது என்றும், பிளக் சுடுகிறதே என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டையும் விடுங்கள். உங்கள் மீட்டர் 230 வோல்ட்டில் 8.8 ஆம்பியர் காட்டுகிறதே, அதுவே போதும். மின்தடை 230 ÷ 8.8 = 26.1 ஓம். திறன் 230 × 8.8 = 2024 வாட்.

லேபிளும் பொய்யில்லை. 240 × 240 ÷ 2200 போட்டுப் பாருங்கள், 26.2 ஓம் வரும். தடை ஒன்றுதான், வோல்ட்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப வாட் ஏறி இறங்குகிறது. (ஏர்கான், ஃபேன் போன்ற மோட்டார் சாமான்களுக்கு இந்தப் பெருக்கல் சரிவராது. அங்கே பவர் ஃபேக்டரையும், அதாவது வோல்ட் × ஆம்பியரில் எவ்வளவு பங்கு உண்மையான வாட் என்ற விகிதத்தையும், சேர்க்க வேண்டும்.)

எனக்குக் கவலை தருவது எக்ஸ்டென்ஷனின் அந்தச் சூடான பிளக்தான். அதே எக்ஸ்டென்ஷனில் 1500 வாட் ஏர் ஃபிரையரும் ஓடுகிறது என்கிறீர்கள். அது 6.5 ஆம்பியர், மொத்தம் 15.3. உள்ளே ஃபியூஸ் வைத்த நம் ஊர் மூன்று சதுர முனைப் பிளக்கின் வரம்போ 13 ஆம்பியர், அதாவது 2990 வாட். இந்த அளவு மீறலுக்கு ஃபியூஸ் உடனே போகாது, அதை நம்பாதீர்கள். பிளக்கின் உலோக முனை (pin) தளர்ந்து அங்கே 0.1 ஓம் தடை இருந்தாலே 15.3 × 15.3 × 0.1 = 23 வாட் வெப்பம் அந்தச் சின்ன இடத்தில் தேங்கும். கெட்டில் மட்டும் ஓடினால் 8 வாட்கூட வராது.

இன்றே இரண்டையும் தனித்தனிச் சுவர் சாக்கெட்டில் செருகுங்கள். பிளக்கின் முனை பழுப்பேறியிருந்தால் எக்ஸ்டென்ஷனைத் தூக்கிப் போடுங்கள். சுவர் சாக்கெட்டே கருகியிருந்தால் நீங்களே கழற்ற வேண்டாம், உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.