முப்பத்தைந்தை 305 என்று எழுதும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள்

டீச்சர், முப்பத்தைந்து என்று சொன்னால் உங்கள் பிள்ளைகள் 305 என்று எழுதுவது கவனக்குறைவு இல்லை. காதில் விழுந்தபடி 30, பிறகு 5 என்று எழுதுகிறார்கள். நூறு தடவை எழுத வைத்தாலும் திருந்தாது.

ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக எண்ணி அவர்களையே ரப்பர் பேண்ட் போடச் சொல்லுங்கள். நீங்கள் கட்டிக் கொடுத்தால் அந்தக் கட்டு அவர்களுக்கு ஒரு தடித்த குச்சி, அவ்வளவுதான். மூன்று கட்டு, ஐந்து உதிரி என்று வந்ததும் அட்டைக்குப் போங்கள்: 10 செ.மீ. அகல அட்டையில் 30 என்றும், 5 செ.மீ. அகல அட்டையில் 5 என்றும் எழுதுங்கள். சின்ன அட்டையைப் பெரியதன் மேல் வலது ஓரம் சேர வைத்தால் சுழி மறைந்து 35 தெரியும். சுழியை வலது பாதிக்குள்ளேயே எழுதுங்கள், இல்லாவிட்டால் எட்டிப் பார்க்கும்.

தொண்ணூறுகளைக் கடைசியில் வையுங்கள். நடுவில் ‘நூறு’ கேட்டுக் குழம்புவார்கள்.