ஸ்வரப் புத்தகத்தில் காற்புள்ளி வந்தால் என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 46 வயது. ஆறு மாதமாகப் பாட்டு வகுப்புக்குப் போகிறேன். டீச்சர் பாடினால் அப்படியே திருப்பிப் பாடிவிடுகிறேன். வீட்டில் புத்தகத்தைத் திறந்தால்தான் புள்ளியும் கோடுமாகத் தலை சுற்றுகிறது. பார்த்துப் பாட எப்படிப் பழகுவது?

பதில்: உங்களுக்கு ஸ்வரம் தெரியும், காலக் கணக்குத்தான் பழகவில்லை. அதனால் கொஞ்ச நாளைக்குப் பாடாதீர்கள். கையில் தாளம் போட்டுக்கொண்டு ஸ்வரங்களை வெறுமனே சொல்லிப் பாருங்கள்.

ஆரம்பப் பாடமான ஸரளி வரிசைகளில் ஒன்று இப்படி வரும்:

ஸ ரி க ம | ப , | ஸ ரி ||

ஆதி தாளம், எட்டு எண்ணிக்கை. 'ஸ'வுக்கு ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். அடுத்த தட்டில் 'ப'. காற்புள்ளிக்குக் கையை வீச வேண்டும், வாயில் 'ப'வே நீள வேண்டும். கடைசித் தட்டும் வீச்சும் 'ஸ ரி'க்கு. புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் அந்தக் காற்புள்ளியைத் தாண்டி ஓடி, ஏழிலேயே முடித்துவிடுவார்கள். கை மட்டும் ஒரு வீச்சு பாக்கி வைத்து நிற்கும். எங்கே தப்பு என்று அந்தக் கையே காட்டிக்கொடுத்துவிடும்.

காற்புள்ளி ஓர் எண்ணிக்கை என்றால் அரைப்புள்ளி இரண்டு. ஸா, ரீ, கா என்று நெடிலாக இருந்தாலும் இரண்டுதான். எழுத்துகளின் தலைக்கு மேல் ஒரு கோடு போட்டிருந்தால் அந்த ஸ்வரங்கள் இரட்டிப்பு வேகம். அப்புறம், மேல் ஸ்தாயிக்கு (ஸ்தாயி என்றால் ஸ முதல் நி வரையான ஒரு சுற்று) எழுத்தின் மேலே புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் கீழே புள்ளி. தமிழில் இது ஒரு தொல்லை. மேல் ஷட்ஜம், அதாவது மேல் 'ஸ', அச்சில் 'ஸ்' என்று மெய்யெழுத்து மாதிரியே தெரியும். 'இஸ்' என்று படித்துவிட்டு முழித்தவர்கள் நிறையப் பேர்.

எந்த ரி என்று எழுத்தை மட்டும் பார்த்தால் தெரியாது. தலைப்பில் ராகமும் மேள எண்ணும் (தாய் ராகங்களின் வரிசை எண்) இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். ஒரு கட்டை சுருதியில், அதாவது C-யை ஸ-வாக வைத்து, கீபோர்டில் வாசித்தால் 15-வது மேளமான மாயாமாளவகௌளையின் ரி, ஸ-வை ஒட்டிய கறுப்புக் கட்டை. 29-வது மேளமான சங்கராபரணத்தில் அதற்கும் அடுத்த வெள்ளைக் கட்டை. இரண்டுக்கும் புத்தகத்தில் ஒரே 'ரி'தான்.

கமகமும், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதும், சாதாரணப் பாடப் புத்தகத்தில் இருக்காது. சுப்பராம தீட்சிதர் 1904-ல் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் கமகத்துக்கென்றே தனிக் குறிகள் உண்டு. உங்களுக்கு இப்போது அது வேண்டாம். அசைவை டீச்சரிடம் காதால்தான் வாங்க வேண்டும், இதற்குக் குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஸரளியும், ஸ்வரங்களை இரட்டை இரட்டையாகப் பாடும் ஜண்டையும் சரியாக வந்ததும் புரந்தரதாசரின் மலஹரி கீதம் ஒன்றை எடுங்கள். 'ஸ்ரீ கணநாத' நல்ல தொடக்கம். ரூபக தாளம், 2 + 4 என ஆறு எண்ணிக்கை. 'ம ப | த ஸ ஸ ரி' என்று தொடங்கும், அந்த ஸ, ஸ, ரி மூன்றுக்கும் மேலே புள்ளி இருக்கும். கீழே ஸாஹித்யத்தில், அதாவது பாட்டின் வரிகளில், 'ஸ்ரீ' என்ற ஓர் எழுத்து 'ம ப' இரண்டுக்கும் நீளும். மனப்பாடமான கீதம் என்றால் நடுவரியிலிருந்து ஆரம்பியுங்கள், இல்லாவிட்டால் கண் புத்தகத்தில் இருக்கும், வாய் ஞாபகத்திலிருந்து பாடிக்கொண்டிருக்கும். தினமும் பத்து நிமிஷம், இதுவரை பாடாத இரண்டே வரி போதும்.