முழங்கால் வலியுள்ள அப்பாவோடு ஹார்ப்பர்ஸ் ஃபெரி போகலாமா?

வெர்ஜீனியாவில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். அக்டோபரில் ஹார்ப்பர்ஸ் ஃபெரி கூட்டிப்போகலாம் என்று நினைக்கிறோம். அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், முழங்கால் வலி உண்டு, மலையேற முடியாது. ரயிலா காரா, ஒரு நாள் போதுமா, ஏறாமல் பார்க்க அங்கே என்ன இருக்கிறது?"

தாராளமாகக் கூட்டிப்போங்கள். ஹார்ப்பர்ஸ் ஃபெரி மேற்கு வெர்ஜீனியாவில் இரண்டு ஆறுகள் கூடுகிற சின்ன வரலாற்று ஊர், தேசிய வரலாற்றுப் பூங்காவும்கூட. இணையத்தில் எல்லாரும் போடுகிற அந்த மலையுச்சிப் படத்தைப் பார்த்துத்தான் பயந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது ஆற்றுக்கு அந்தப் பக்கம், மேரிலேண்ட் ஹைட்ஸ் என்ற குன்றிலிருந்து எடுப்பது, போய்வர நாலரை மைல், நல்ல செங்குத்து. அதை விட்டுவிடுங்கள். இந்த ஊரின் கதை முக்கால்வாசி கீழே, ஆற்றோரத்தில், சமதரையில்தான் இருக்கிறது.

முதலில் ரயில் விஷயம். ஊருக்குள்ளேயே நிலையம் இருப்பதால் ஆசை வரும், ஆனால் வாஷிங்டனிலிருந்து ஒரே நாளில் போய்வர அது தோதுப்படாது. மார்க் என்கிற மேரிலேண்ட் புறநகர் ரயில் வேலைக்குப் போகிறவர்களுக்கானது. காலையில் வாஷிங்டனை நோக்கி வரும், மாலையில் திரும்பும், சனி ஞாயிறு கிடையாது. நெடுந்தூர ரயிலான ஆம்ட்ராக்கும் மதியத்துக்கு மேல்தான் அந்தப் பக்கம் போகிறது, ராத்தங்கினால் மட்டும் உதவும். அதனால் கார்தான். கீழ் ஊரில் நிறுத்த இடம் தேடி அலையாமல், மேலே உள்ள பூங்காவின் பார்வையாளர் மையத்தில் நிறுத்திவிட்டு ஷட்டில் பேருந்தில் இறங்குங்கள். நுழைவுக் கட்டணம் காருக்கு 20 டாலர், உள்ளே எத்தனை பேர் இருந்தாலும் அதேதான். மூத்தோருக்கான சலுகை பாஸ் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும் என்பதால், விசிட்டர் விசாவில் வந்த அப்பாவின் பேரில் அதைக் கேட்க வேண்டாம். அக்டோபரில் இலை நிறம் மாறுகிற வாரங்களில் சனிக்கிழமை போனால் நிறுத்துமிடமே நிரம்பிவிடும். வேலைநாள் ஒன்றில் லீவு போட முடிந்தால் போடுங்கள்.

பேருந்து இறக்கிவிட்டதும் கடைகள் பக்கம் திரும்பாமல் நேரே 'பாயிண்ட்' என்கிற முனைக்குப் போங்கள். பொட்டோமாக், ஷெனண்டோவா ஆறுகள் அங்கேதான் கூடுகின்றன, நிற்கிற கரை மேற்கு வெர்ஜீனியா, எதிரே மேரிலேண்டும் வெர்ஜீனியாவும் தெரியும். ப்ளூ ரிட்ஜ் மலைத்தொடரை ஆறு அறுத்துக்கொண்டு வெளியேறுகிற இடைவெளி கண்ணெதிரே தெரியும். அப்பாவை அங்கே உட்காரவைத்துச் சொல்லுங்கள்: மலையைத் தாண்ட வேறு சுலபமான வழி இல்லை, அதனால்தான் ராபர்ட் ஹார்ப்பர் 1747-ல் இங்கே வந்து படகுத்துறை நடத்தினார், பின்னால் கால்வாயும் ரயிலும் இதே சந்துக்குள்தான் நுழைந்தன. ஓடுகிற தண்ணீரின் விசையைப் பார்த்துத்தான் ஜார்ஜ் வாஷிங்டன் அரசு ஆயுதத் தொழிற்சாலைக்கு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். அந்தத் துப்பாக்கிகளைத் தேடித்தான், அடிமைமுறையை ஒழிக்கப் போராடிய ஜான் பிரவுன் வந்தார்.

1859 அக்டோபர் 16 இரவு, 21 பேர் கொண்ட படையைத் திரட்டி வந்து ஆயுதக் கிடங்கைப் பிடித்தார்; அடிமைப்பட்டவர்கள் கையில் ஆயுதம் கொடுத்து விடுதலைப் போரைத் தொடங்குவது அவர் எண்ணம். கடைசியில் ஒரு தீயணைப்பு வண்டிக் கொட்டகைக்குள் சிக்கிக்கொண்டார். 18-ஆம் தேதி காலையில் ராணுவ அதிகாரி ராபர்ட் லீ தலைமையில் வந்த மரைன் படைவீரர்கள் கனமான ஏணியால் கதவை இடித்து உள்ளே புகுந்தார்கள். டிசம்பர் 2-ல் தூக்கு. ஒன்றரை ஆண்டுக்குள் உள்நாட்டுப் போர்.

அந்தக் கொட்டகை முனைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது, சின்ன செங்கல் கட்டடம், ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஆனால் அவசரப்படாதீர்கள். அதை ஒருமுறை பிரித்து 1893 சிகாகோ கண்காட்சிக்குக் கொண்டுபோனார்கள், பிறகு திரும்பக் கொண்டுவந்து ஒரு பண்ணையில் கட்டினார்கள், அங்கிருந்து கறுப்பினத்தவர் படித்த ஸ்டோரர் கல்லூரிக்குப் போனது, 1968-ல்தான் கீழ் ஊருக்கு வந்தது. பழைய இடம் இப்போது ரயில் பாதையின் மண்கரைக்குள் இருக்கிறது, அதன்மேல் ஒரு கல்தூண் நட்டிருக்கிறார்கள். தலைகீழாக அச்சான பழைய புகைப்படத்தை வைத்துத் திரும்பக் கட்டியதால் இன்றைய கட்டடம் இடம் வலம் மாறி நிற்கிறது. பழைய படத்தின் பிரதி கிடைத்தால் குழந்தைகளை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றை அப்பாவிடம் கட்டாயம் சொல்லுங்கள். 1906 ஆகஸ்டில் கறுப்பின அறிஞர் டுபாய்ஸும், கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய நயாகரா இயக்கத்தாரும் ஸ்டோரர் கல்லூரியில் கூடினார்கள். சம உரிமை கேட்டு வந்த அந்த மனிதர்கள், அப்போது பண்ணையில் இருந்த இந்தக் கொட்டகையைப் பார்க்கப் போனபோது, புனித மண் என்று சொல்லிக் காலணியையும் காலுறையையும் கழற்றிவிட்டு நடந்தார்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

அப்புறம் ஷெனண்டோவா தெருவில் ஒரு கட்டடத்தின் மூலையில் வெள்ளம் ஏறிய உயரங்களை ஆண்டு வாரியாகக் குறித்திருப்பார்கள். உச்சத்தில் இருப்பது 1936, அந்த வருஷம் ஆறு முப்பத்தாறரை அடி ஏறியது. அதன் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தால் கீழ் ஊர் ஏன் காலியானது என்பது புரிந்துவிடும்.

நடக்க ஆசைப்பட்டால் பொட்டோமாக் ரயில் பாலத்தை ஒட்டிய நடைபாலம் இருக்கிறது, சமமானது, அப்பலேச்சியன் என்ற நெடுந்தூர மலைநடைப் பாதையும் அதன் வழியாகத்தான் போகிறது. பாதி தூரம் போய்த் திரும்பினாலே போதும். அடுத்த முனையில் இறங்க இரும்புப் படிக்கட்டு, அதில் அப்பாவை இறக்க வேண்டாம். ஊருக்கு மேலே உள்ள ஜெஃபர்சன் பாறை என்ற காட்சிமுனைக்கும் இதே எச்சரிக்கைதான். பாறையில் வெட்டிய ஏற்றத்தாழ்வான படிகளில் ஏறவேண்டும். உங்கள் கணவர் குழந்தைகளோடு ஏறிவரட்டும், நீங்கள் பெரியவர்களோடு கீழே அருங்காட்சியகங்களைப் பாருங்கள்.

தண்ணீர் ஆழமில்லாதது போலத் தெரியும், யாரும் கால் நனைக்கக்கூட இறங்க வேண்டாம். அடியில் பாறையும் இழுப்பும் இருக்கிறது, உயிர்கள் போயிருக்கின்றன.

சாப்பாட்டுக்குப் புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள், சைவத்துக்கு அங்கே தேர்வு குறைவு. ஒன்பதரை பத்துக்குள் போய்ச் சேர்ந்தால் ஒரு நாள் தாராளம். கடைசி ஷட்டில் எத்தனை மணிக்கு என்று காலையில் இறங்கும்போதே ஓட்டுநரிடம் கேட்டுவிடுங்கள், அதைத் தவறவிட்டால் கார் வரைக்கும் ஏற்றம்தான்.