கோடை மதியத்தில் சாப்பிட்டதும் புழுக்கம் கூடுவது ஏன்?

வெயில் காலத்தில் மதியம் வயிறாரச் சாப்பிட்டதும் உடம்பு சுடுவதற்குக் காரணம் செரிமான வெப்பம். உணவைச் செரித்து, உறிஞ்சி, சேமித்து வைக்க உடம்பு ஆற்றலைச் செலவிடுகிறது. அது வெப்பமாக வெளிவருகிறது. அடுப்பில் பெரிய பானையை ஏற்றினால் சமையலறையே சூடாகிவிடுமே, அதுபோலத்தான். புரதத்துக்கு இந்தச் செலவு அதிகம்: அதிலுள்ள ஆற்றலில் சுமார் 20 முதல் 30 சதவீதம். மாவுச்சத்துக்கு 5 முதல் 10தான். கொழுப்புக்கு இன்னும் குறைவு.

குளிர் காலத்தில் இந்தச் சூடு இதமாக இருக்கும். கோடையில் வியர்த்துத்தான் வெளியேற்ற வேண்டும்.

அதனால் வீட்டில் சமைக்கும் நாளில் பாதித் தட்டைக் காய்க்கும் பழத்துக்கும் விட்டுவிடுவேன். வெள்ளரித் துண்டை நறுக்கென்று கடித்ததும் வாயெல்லாம் நீர் நிறையும் பாருங்கள், அந்தச் சுகம் கோடை மதியத்துக்கே உரியது. வெள்ளரியில் சுமார் 95 சதவீதம் தண்ணீர். உணவகம் போனால் ஒரு தட்டை இருவர் பகிர்ந்துகொள்ளுங்கள். அப்புறம் பசித்தால் இன்னொன்று கேட்கலாம்.

சில்லென்ற உணவு சாப்பிட்டால் இந்தச் சூடே வராது என்று பலர் நினைக்கிறார்கள். சரியல்ல, எவ்வளவு சாப்பிட்டோம், அதில் என்ன சத்து என்பதைப் பொறுத்துத்தான் அது கூடும், குறையும்.