கும்பகோணம் பக்கம் இரண்டு குதிரை வாங்கி, கல்யாண ஊர்வலத்துக்கு விட்டால் பிழைக்க முடியுமா?

முடியும், ஆனால் ஊர்வலத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள். ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கம் கல்யாணம் கிடையாது. குதிரைக்குத் தீனியோ தினமும் வேண்டும். ஒரு குதிரை நாளுக்கு 25 முதல் 40 லிட்டர் தண்ணீர் குடிக்கும். டெல்டாவில் வைக்கோல் மலிவுதான், அதில் சத்து குறைவு. பசும்புல்லுக்குக் கொஞ்சம் நிலம் ஒதுக்குங்கள். கொள்ளை ஊறவைத்து அளவாகக் கொடுங்கள். தீனியைத் திடீரென மாற்றினால் வயிற்றுவலி வந்துவிடும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் அந்த வலி உயிரையே வாங்கலாம்.

அதைவிடப் பெரிய கவலை நம் ஈர மண். ஐப்பசி மழையில் கொட்டில் சேறானால் குளம்பின் அடி கறுத்து, அழுகல் நாற்றம் வீசும். காலைத் தூக்கிப் பிடித்து, பள்ளங்களில் ஒட்டிய சாணியைக் குத்தி எடுத்துத் துடைப்பதைத் தினமும் செய்யுங்கள். மேடான கொட்டில் கட்டிய பிறகே குதிரை வாங்குங்கள்.

என்னைக் கேட்டால், முதலில் லாடம் அடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குதிரைக்கும் குளம்பு சீவ வேண்டும், அந்தக் கைவேலை தெரிந்தவர்கள் குறைவு. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சந்தேகங்களை அங்கே போய்க் கேளுங்கள். அப்புறம், ஆடியில் அந்தியூர் குதிரைச் சந்தைக்குப் போனால், வாங்காமல் ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டு மட்டும் வாருங்கள்.