சொந்த மண்ணில் ஆடியதால்தான் 1930 கால்பந்து உலகக் கோப்பையை உருகுவே வென்றதா?

கேள்வி கேட்டவர் ஏதோ ஒரு பட்டியலைப் பார்த்துவிட்டு, "மொத்தமே 13 அணி, ஐரோப்பாவிலிருந்து நாலே நாலு, இதெல்லாம் ஒரு உலகக் கோப்பையா" என்று நினைத்திருப்பார் போல. இதே பேச்சைக் கப்பலில் ஒரு காண்டிராக்ட் முழுக்கக் கேட்டு நொந்தவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் சரக்குக் கப்பலில் ஃபோர்த் என்ஜினியர். எங்கள் சீஃப் என்ஜினியர் மாண்டினீக்ரோக்காரர். 1930 அரையிறுதியில் பழைய யூகோஸ்லாவியா (அவர் ஊரும் அப்போது அதில்தான்) உருகுவேயிடம் 6-1 என்று தோற்றது அவருக்கு நேற்று நடந்தது மாதிரி. முதல் கோலை அடித்தது நாங்கள்தான் என்பார் (அது உண்மை). அடுத்து அடித்ததை அநியாயமாக ஆஃப்சைடு, செல்லாது என்றார்கள் என்பார். வெளியே போன பந்தைக் கோட்டோரம் நின்ற போலீஸ்காரர் உள்ளே தட்டிவிட, அதை உருகுவே கோலாக்கியது என்றொரு கதை உண்டே, அதையும் விடமாட்டார். மெஸ் மேஜையில் உப்பு டப்பாவை நகர்த்தி வைத்து, போலீஸ்காரர் நின்ற இடம் இதுதான் என்று காட்டுவார்.

"ரெண்டையும் திருத்திப் போட்டாலும் 5-2 தானே சீஃப்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அன்று மதியமே எண்ணெய் சுத்திகரிக்கும் ப்யூரிஃபையரைக் கழற்றிக் கழுவும் வேலை என் தலையில் விழுந்தது.

அப்புறம் உருகுவே தலைநகர் மொண்டெவிடியோவில் கரையிறங்க ஷோர் லீவ் கிடைத்தபோது நேராக செண்டெனாரியோ ஸ்டேடியத்துக்குத்தான் போனேன். உள்ளே ஒரு கால்பந்து மியூசியமும் இருக்கிறது. உருகுவே அரசியல் சாசனத்தின் நூற்றாண்டுக்காகக் கட்டிய ஸ்டேடியம் அது. போட்டி ஜூலை 13இல் தொடங்கியபோது வேலை முடியவில்லை. 18ஆம் தேதி, சரியாக நூற்றாண்டு நாளில் திறந்தார்கள். அன்று பெருவுக்கு எதிராக அங்கே விழுந்த முதல் கோலை அடித்தவர் ஹெக்டர் காஸ்ட்ரோ. சின்ன வயதில் விபத்தில் வலது முன்கையை இழந்தவர். இறுதிப் போட்டியின் கடைசிக் கோலும் அவருடையதுதான்.

அந்த இறுதிப் போட்டியில் யார் பந்தில் ஆடுவது என்றே தகராறு. முதல் பாதி அர்ஜென்டினாவின் பந்து, 2-1 என்று அவர்கள் முன்னிலை. இரண்டாம் பாதி உருகுவேயின் பந்து, ஆட்டம் முடிந்தபோது 4-2. "பார்த்தாயா?" என்பார் சீஃப். சரி, சொந்தக் கூட்டம், சொந்தப் பந்து எல்லாம் உதவியிருக்கும், நான் இல்லையென்று சொல்லவில்லை. கமெண்டில் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் இதே உருகுவே 1924இல் பாரிஸிலும் 1928இல் ஆம்ஸ்டர்டாமிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றதே, அது யாருடைய மண்? ஆம்ஸ்டர்டாம் இறுதிப் போட்டியிலும் எதிரில் நின்றது இதே அர்ஜென்டினாதான்.

ஐரோப்பா வராததற்கு உருகுவே என்ன செய்யும்? வழிச்செலவு, தங்கும் செலவு எல்லாம் நாங்களே தருகிறோம் என்றார்கள். போட்டியை நடத்த ஆசைப்பட்ட இத்தாலியும் ஸ்பெயினுமே கிளம்பவில்லை. ருமேனியா, பிரான்ஸ், பெல்ஜியம் மூன்றும் 'கோண்டே வெர்டே' என்ற ஒரே கப்பலில் வந்தன. ஃபிஃபா தலைவர் ஜூல் ரிமே கோப்பையோடு அதே கப்பலில் இருந்தார். ஏறத்தாழ இரண்டு வாரப் பயணம், பயிற்சி எல்லாம் டெக்கில்தான். அட்லாண்டிக்கில் கப்பல் பக்கவாட்டில் ஆடி ரோலிங் அடிக்கும்போது எங்களுக்குத் தட்டில் சாம்பாரே நிற்காது. அதில் ஓடிப் பழகி வந்து இறங்கினார்கள் என்றால் அவர்களுக்கும் ஒரு கும்பிடு.

ருமேனிய வீரர்களுக்கு வேலையிடத்தில் லீவு கிடைக்காமல் மன்னர் இரண்டாம் கரோலே தலையிட்டு வாங்கிக் கொடுத்தார். எனக்கு அப்படி ஒரு ராஜா இல்லை. அடுத்த துறைமுகத்தில் ரிலீவர் (என் இடத்துக்கு வருகிறவர்) வந்துவிடுவார் என்று ஏஜெண்டு ஒவ்வொரு துறைமுகத்திலும் சொல்லிச் சொல்லியே நான் கப்பலை விட்டு இறங்கும் சைன் ஆஃபைத் தள்ளிக்கொண்டு போனார். அக்கா கல்யாணத்தை வீடியோ காலில் பார்த்தேன், அதுவும் பாதியில் கட்டாகிவிட்டது. போன் போட்டால் "கோஆப்பரேட் பண்ணுங்க தம்பி" என்பார். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எங்காவது சொல்ல வேண்டுமே.

ஐரோப்பா வராத கோபத்தில் 1934 போட்டிக்கு உருகுவே போகவில்லை. அதை நடத்திய இத்தாலியே அதை வென்றது. அந்த வெற்றியைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் தனிக் கேள்வியாகக் கேளுங்கள், முசோலினியில் ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.