வாங்குவோர் கேள்வி-பதில்: கடற்கரையில் கோல்ஃப் விடுமுறை

கேள்வி: கடற்கரை ரிசார்ட் ஒன்றில் ‘அன்லிமிடெட் கோல்ஃப்’ பேக்கேஜ் வாங்கினோம். போய்ச் சேர்ந்த பிறகு, கார்ட்டுக்கும் (மைதானத்தில் ஓட்டும் சிறு வண்டி) கேடிக்கும் (மட்டைப் பையோடு கூட வரும் உதவியாளர்) தனிக் கட்டணம் என்றார்கள். டீ டைம், அதாவது ஆட்டம் தொடங்கும் நேரம், எல்லா நாளும் பிற்பகல் 2.30க்கு மேல்தான். ஒரு நாள்கூட முழு ஆட்டமான 18 குழியையும் ஆடி முடிக்கவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். வெப்பமண்டலத்தில் பகல் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். பெரும்பாலான இடங்களில் ஆறு, ஆறரைக்கெல்லாம் இருட்ட ஆரம்பித்துவிடும். நான்கு பேர் சேர்ந்து 18 குழி ஆட நாலு, நாலரை மணி நேரமாவது வேண்டும். 2.30க்கு இறங்குபவர் முடிக்க மாட்டார் என்பது டீ டைம் எழுதுபவருக்குத் தெரியாதா? காலை நேரத்தையெல்லாம் முழுக் கட்டணம் கட்டுபவர்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை ‘அன்லிமிடெட்’ என்று விற்கிறார்கள்.

விளம்பரம், உறுதிப்படுத்திய மின்னஞ்சல், கார்ட்-கேடி ரசீதுகள், நாள்வாரியாகக் கிடைத்த டீ டைம் எல்லாவற்றையும் சேர்த்து முதலில் விற்றவருக்கு எழுதுங்கள். மழுப்பினால், வங்கி அட்டையில் கட்டிய பணத்தை வங்கி வழியாக எதிர்த்துக் கேளுங்கள். சொன்ன சேவை தரப்படவில்லை என்பதுதான் காரணம். அதற்குக் கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். முழுத் தொகையையும் கேட்டால் கோரிக்கை நிற்காது, நீங்கள் அங்கே தங்கியிருக்கிறீர்கள். கிடைக்காத ஆட்டத்துக்கும், முன்கூட்டிச் சொல்லாமல் வாங்கிய கட்டணத்துக்கும் கணக்குப் போட்டுக் கேளுங்கள்.

கேள்வி: செப்டம்பரில் தாய்லாந்தின் ஃபூகெட் போகப் பாதி விலைக்குக் கிடைத்தது. ரத்து செய்தால் பணம் கிடையாது என்ற நிபந்தனையில் கட்டிவிட்டேன். அப்போது மழைக்காலம் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?

பதில்: உண்மை. இதைப் பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும். ஃபூகெட் இருக்கும் அந்தமான் கடல் பக்கம் மே முதல் அக்டோபர் வரை பருவமழை. செப்டம்பர் அதில் அதிகம் நனையும் மாதம். பாதி விலை என்றதும் ஏன் என்று கேட்காமல், திரும்பி வராத பணத்தைக் கட்டுவது எனக்குப் புரியவே இல்லை. கடற்கரைக்குக் கடற்கரை மழை மாறும். அதே தாய்லாந்தில் கோ சமூயிக்குப் பெருமழை வருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. வியட்நாமின் டா நாங்கில் அக்டோபர், நவம்பர். மொரீஷியஸில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். கரீபியனில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை.

தேதியை மாற்றித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். மாட்டோம் என்றால் போய் வாருங்கள், ஆனால் அதிகாலை நேரத்தையே எடுங்கள். இடி மின்னலால் ஆட்டம் நின்றால், ஆடாத குழிகளுக்கு ரெயின் செக் (நின்ற ஆட்டத்துக்கு ஈடாகத் தரும் சீட்டு) உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். சில மைதானங்களில் கிடையவே கிடையாது. சைரன் ஒலித்தால், கட்டிய காசை நினைத்துக்கொண்டு அடுத்த அடி அடிக்க நிற்காதீர்கள்.

கேள்வி: போன இடத்தில் எல்லா கிரீனிலும் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) ஓட்டை போட்டு மணல் கொட்டியிருந்தார்கள். பந்து குதித்துக் குதித்து ஓடியது. முழு கிரீன் ஃபீ (ஆட்டக் கட்டணம்) வாங்கிவிட்டு, ‘வழக்கமான பராமரிப்பு’ என்கிறார்கள். இது நியாயமா?

பதில்: நியாயமே இல்லை. இந்த விஷயத்தில் எனக்கு நெடுநாள் கோபம். அந்த வேலை தேவைதான், அதில் தகராறு இல்லை. ஆட்களின் கால்பட்டும், தினமும் இயந்திரம் ஓடியும் கிரீனின் மண் இறுகிவிடும். வேருக்குக் காற்றும் தண்ணீரும் போகாது. அதனால் மண்ணைச் சிறு சிறு உருளைகளாகக் குத்தி எடுத்து, அந்த ஓட்டைகளில் மணலை நிரப்புகிறார்கள். கடலோர மைதானங்களில் அதிகம் போடுவது பெர்முடா புல்லும், உப்பைத் தாங்கும் பாஸ்பாலம் புல்லும். இரண்டும் வெப்பத்தில் வேகமாக வளர்பவை, அந்தச் சமயத்தில் செய்தால் காயம் சீக்கிரம் ஆறும். சுற்றுலாக் கூட்டம் குறைகிற மாதங்கள் பல இடங்களில் அதே சமயத்தில்தான் வருகின்றன. அதாவது, உங்களுக்குத் தள்ளுபடி என்று சொல்லி விற்கிற மாதங்கள்!

இதில் எதுவும் திடீரென்று நடப்பதில்லை. ஆள், இயந்திரம், மணல் என்று முன்கூட்டியே திட்டமிட்டுத்தான் தேதி குறிக்கிறார்கள். அந்தத் தேதி பராமரிப்புப் பிரிவின் அட்டவணையில் இருக்கும், புக்கிங் பக்கத்தில் இருக்காது. கெட்டுப்போன கிரீனை நல்ல கிரீனின் விலைக்கு விற்பது குறையை மறைத்து விற்பதுதான். நேர்மையான மைதானங்கள் அந்த வாரங்களில் கட்டணத்தைக் குறைத்து, காரணத்தையும் சொல்லி விற்கின்றன. எனவே மற்றவர்களால் முடியாது என்பதில்லை.

அடுத்த முறை கட்டுவதற்கு முன் மைதானத்துக்கே நேராக மின்னஞ்சல் அனுப்புங்கள்: ‘எங்கள் தேதிகளிலோ, அதற்கு முந்தைய இரண்டு வாரங்களிலோ கிரீனில் துளையிடும் வேலை உண்டா? எந்தக் குழிகளில்?’ ஏஜென்டிடம் மட்டும் கேட்டால் போதாது. இந்த முறைக்கு, புகைப்படங்களோடு பகுதித் தொகை கேட்டு எழுதுங்கள். கட்டாயம் எழுதுங்கள், யாரும் கேட்பதில்லை என்ற தைரியத்தில்தான் இது நடக்கிறது.

கேள்வி: விமானத்தில் போட்ட பையில் டிரைவர் மட்டை உடைந்து வந்தது. ‘சொந்தப் பொறுப்பு’ என்ற சீட்டில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அவ்வளவுதானா?

பதில்: இல்லை. சர்வதேசப் பயணங்கள் பெரும்பாலானவற்றுக்கு 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும். விமான நிறுவனத்தின் பொறுப்பை ஒரேயடியாக நீக்குகிற எந்த நிபந்தனையும் அதன்படி செல்லாது. சாமான் சேதமானால் கைக்கு வந்த 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கிடைத்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். கெடு தாண்டினால் வழக்கு நிற்காது. இழப்பீட்டு உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர்.; இது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. பொருளிலேயே பழுது இருந்தது என்று வாதாடுவார்கள், அதனால் உடைந்த மட்டையையும் பையையும் தூக்கிப் போடாதீர்கள். இன்சூரன்ஸ் இருந்தால் அங்கேயும் கேளுங்கள். பல பாலிசிகளில் ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்று தனி வரம்பு உண்டு.

நான் வாங்கிய பயணப் பை ஒன்றின் சக்கரம் முதல் பயணத்திலேயே கழன்றது. ஐந்து ஆண்டு உத்தரவாதம் என்று விற்றவர், விமான நிலையத்தில் நேர்ந்த சேதம் அதில் சேராது என்றார். விமானப் பயணத்துக்கென்றே விற்கிற பை அது! உத்தரவாதச் சீட்டில் விலக்குகள் இருக்கும் பகுதியை வாங்குவதற்கு முன்னால் படியுங்கள்.

கேள்வி: நான் இடக்கைக்காரன். மட்டைகளை அங்கேயே வாடகைக்கு எடுக்கலாமா?

பதில்: இடக்கை செட்தானா, எந்த மாடல், எத்தனை மட்டை என்று எழுத்தில் உறுதி வந்தால் எடுங்கள், இல்லையென்றால் சொந்த செட்டைத் தூக்கிக்கொண்டு போங்கள். ‘பிரீமியம் செட்’ என்று காசு வாங்கிக்கொண்டு, எனக்கு மூன்று கம்பெனி மட்டைகளைக் கலந்து கொடுத்தார்கள்.

கேள்வி: தாய்லாந்து பேக்கேஜில் கேடிக்கான டிப்ஸும் அடக்கம் என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா?

பதில்: நான் நம்ப மாட்டேன். அங்கே பெரும்பாலான மைதானங்களில் கேடி கட்டாயம். கேடி கட்டணம் மைதானத்துக்குப் போகும், டிப்ஸ் ஆட்டம் முடிந்ததும் கேடியின் கையில் கொடுப்பது. வெயிலில் நாலரை மணி நேரம் உங்களோடு நடப்பவருக்கு வருமானத்தில் பெரும்பங்கு அதுதான். ஏஜென்டிடம் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நீங்களே நேரில் கொடுங்கள்.

கேள்வி: தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரின் உதிரி லித்தியம் பேட்டரியை கோல்ஃப் பையிலேயே வைத்துவிடலாமா?

பதில்: கூடாது. உதிரி லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் போக வேண்டும், முனைகள் ஒன்றோடொன்று படாமல் தனித்தனி உறையில்.